எழுதி மாட்டிய அட்டை குப்பைப் பைக்குப் போனது: வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும் கண்காட்சியை எப்படி நடத்துவது?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். கேள்வி கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். எனக்கு அருங்காட்சியகம் என்றால் எழும்பூர்தான். எட்டாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவில் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. திமிங்கில எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

மகன் கூட்டிப்போன இடத்தில் எல்லாம் தலைகீழ். ஓர் அறையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கொக்கிகள். நடுவில் ஒரு மேஜை, அதில் தடித்த அட்டைகள், பென்சில்கள். சுவரில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் இப்போது கேட்காமல் போய்விட்ட சத்தம் எது? வருகிறவர்கள் எழுதி மாட்டுவதுதான் அந்தப் படைப்பு, கலைஞர் செய்தது கேள்வியும் கொக்கியும் மட்டும்தான் என்று மகன் விளக்கினான்.

ஆட்டுக்கல் சத்தம் என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். எழுத ஆரம்பித்ததும் வேறொன்று வந்தது. எங்கள் அம்மா சாயங்காலம் மாவாட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். முதலில் குழவி கரகரவென்று சுற்றும். உளுந்து பொங்கப் பொங்க அந்தச் சத்தம் மெத்தென்று ஆகிவிடும். கூடவே அம்மாவின் கண்ணாடி வளையல்கள். அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து அம்மா மறுபடியும் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தார். கல்லின் சத்தம் அப்படியே இருந்தது. வளையல் சத்தம் இல்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அட்டையில் தமிழில் எழுதினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கீழிருந்து மூன்றாவது வரிசையில் மாட்டிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மருமகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அட்டை இல்லை. மூடுகிற நேரம். ஓர் இளைஞர் கொக்கிகளிலிருந்து அட்டைகளைக் கழற்றி ஒரு கறுப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மகன் விசாரித்தான். கொக்கி நிறைந்துவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் வேண்டும், அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை எடுத்துவிடுவோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். எடுத்து எங்கே வைப்பீர்கள் என்றதற்கு, வைப்பதில்லை என்றார். வேண்டுமானால் தேடிக்கொள்ளுங்கள் என்று பையைத் திறந்து காட்டினார். எனக்கு அதில் கை வைக்க மனம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோபி பக்கத்தில் நான் படித்த அரசுப் பள்ளிக்கு அடுத்த ஜனவரியில் நூற்றாண்டு விழா. விழாக் குழுவில் நானும் ஒருத்தி. கண்காட்சிக்கு இரண்டு வகுப்பறை கொடுத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர்களின் படங்களைப் பிளெக்ஸ் அடித்து மாட்டலாம் என்றார்கள். படித்தவர்களே சேர்ந்து உருவாக்குகிற கண்காட்சியாக இருக்கட்டுமே என்று நான் சொன்னேன். உடனே எல்லோரும் சரி என்றார்கள். “ஒரு போர்டு வைத்து, வருகிறவர்களை நினைவுகளை எழுதச் சொல்லிவிடலாம், வேலை முடிந்தது.” அந்தப் போர்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. விழா முடிந்த மறுநாள் அதுவும் பைக்குள்தானே போகும்?

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இப்படிப்பட்ட படைப்புகளில் எல்லா இடத்திலும் இதுதான் வழக்கமா, வருத்தப்பட்டது என் அறியாமையா? அப்புறம், எங்கள் இரண்டு வகுப்பறையில் இதை ஒழுங்காகச் செய்ய என்ன வழி?


குளச்சல்காரன் எழுதியது:

எனக்கு இந்தத் துறை தெரியாது. ஒரே ஒரு தடவை இந்த மாதிரி ஒன்றுக்குள் நடந்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

2017 ஜனவரியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொச்சி-முசிறி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியைப் பார்க்கப் போனேன். ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய சரக்குக் கிடங்கு. அதில் ஒரு நீளமான கூடம் முழுக்கக் கடல் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீதாவின் படைப்பு, பெயர் வலியின் கடல். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நடந்து எதிர்ச் சுவருக்குப் போனால்தான் அங்கே இருக்கிற கவிதையைப் படிக்க முடியும். கரையில் நின்று படிக்க வழியில்லை.

அகதிகள் வந்த படகு கவிழ்ந்து, துருக்கிக் கரையில் ஒதுங்கிய ஆலன் குர்தி என்ற சின்னப் பிள்ளையின் படத்தை 2015-ல் உலகமே பார்த்தது. அவனுடைய அண்ணன் காலிப்பும் அதே படகில்தான் இறந்தான், அவன் படம் அப்படிப் பரவவில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் கவிதை. நான் அவன் தகப்பன் இல்லை, ஆனாலும் அவன் என் மகன் என்கிற மாதிரி முடியும். நான் அப்பாவுக்கு மெதுவாகத் தமிழில் சொன்னேன். அவர் கடலில் தொழில் செய்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

அந்த வருடக் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. எங்கள் பக்கத்துக் கரைகளில் எத்தனையோ பேர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்பா ஒரு நாள் திடீரென்று, “கொச்சியில் அந்தத் தண்ணிக்குள்ள நின்னோமே” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அங்கே எங்களிடம் யாரும் எதையும் எழுதச் சொல்லவில்லை. கால் நனைந்தது, அது போதுமாக இருந்தது. உங்கள் பள்ளியிலும் எழுத வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. பழைய மணி இருக்கிறதா? தண்டவாளத் துண்டும் இரும்புக் கம்பியும்? அதை வாசலில் கட்டித் தொங்கவிட்டு, வருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை அடித்துவிட்டு உள்ளே வரட்டும். படிக்கும்போது அந்தக் கம்பியைத் தொட எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்தது?


வெள்ளைச்சுவர் எழுதியது:

அக்கா, நான் மாயவரத்துக்காரி. ஒன்பது வருடமாக லண்டனில் காட்சி அறைகளில் நிற்கிற வேலை பார்க்கிறேன். அந்தக் கறுப்புப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு கண்காட்சி முடிந்த இரவு, மூன்று பைகள் நிறையச் சீட்டுகளை நானே அள்ளிப் போட்டேன். அதில் ஒரு சீட்டை யாரோ எட்டாக மடித்து, பிரியாமல் இருக்கத் தலைமயிர்க் கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்கவும் தைரியம் வரவில்லை, போடவும் கை வரவில்லை. கடைசியில் போட்டுவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது. உங்கள் வருத்தம் அறியாமை இல்லை.

இத்தனை வருடம் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டது இது. வந்தவர் விட்டுப்போனதை அந்த இடம் என்ன செய்கிறது என்பதும் படைப்புக்குள் அடக்கம். அதை யோசிக்காமல் சுவரில் கொக்கி அடித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நல்ல கலைஞர்கள் முதலில் அதைத்தான் யோசிக்கிறார்கள்.

ஜப்பானியக் கலைஞர் யோக்கோ ஓனோவின் வேண்டுதல் மரம் என்று ஒன்று உண்டு. 1996-லிருந்து பல நாடுகளில் வைக்கிறார். ஒரு மரம், சின்னச் சின்னக் காகிதச் சீட்டு, நூல். வேண்டுதலை எழுதிக் கிளையில் கட்ட வேண்டியதுதான். சிறு வயதில் ஜப்பான் கோயில்களில் மரத்தில் காகிதம் கட்டியது அவர் மனதில் இருந்திருக்கிறது. நம் ஊரில் பிள்ளை வரத்துக்குத் தொட்டில் கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். சீட்டுகளை அவிழ்க்கிறார்கள், ஆனால் எறிவதில்லை. ஐஸ்லாந்தில் ரெய்க்யாவிக் நகரத்துக்குப் பக்கத்தில் விடேய் என்ற தீவில் 2007-ல் ஓர் ஒளிக் கோபுரம் அமைத்தார். உலகம் முழுக்கச் சேர்கிற வேண்டுதல்கள் அங்கே போகின்றன. 10 லட்சத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டன. சீட்டைக் கட்டும்போதே, அது எங்கே போகும் என்று கட்டுகிறவருக்குத் தெரியும்.

நேர் எதிராக, கரைந்து போவதற்கென்றே செய்தது பெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரெஸ் 1991-ல் செய்த மிட்டாய்க் குவியல். அறையின் மூலையில் பளபளக்கும் தாள் சுற்றிய மிட்டாய்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். அதன் எடை 175 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 79 கிலோ. அவருடைய காதலர் ராஸ் நல்ல உடம்போடு இருந்தபோது இருக்க வேண்டிய எடை அது. ராஸ் அந்த வருடம்தான் எய்ட்ஸ் நோயால் இறந்தார். ஆளுக்கு ஒன்றாக எடுக்க எடுக்கக் குவியல் குறைகிறது. அருங்காட்சியகம் மறுபடி கொட்டி நிரப்பலாம். வாயில் இனிப்பு கரையும்போதுதான் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கிறோம். அங்கே குறைவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. உங்கள் அட்டை காணாமல் போனதற்கு என்ன அர்த்தம்? கொக்கி போதவில்லை, அவ்வளவுதானே.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்லோவாக்கியாவின் ரோமான் ஒன்டாக் 2007-ல் செய்தது. வெறும் வெள்ளைச் சுவர். வருகிறவரை அறையில் நிற்கிற காவலர் சுவரோடு நிற்க வைத்து, தலைக்கு மேலே கறுப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, பெயரும் தேதியும் எழுதுவார். நம் வீட்டு நிலைக்கதவில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைக்கிற மாதிரி. 2009-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இதைச் செய்தபோது, நாளாக நாளாக நடு உயரத்தில் ஒரு தடித்த கறுப்புப் பட்டை சுவரைச் சுற்றி வந்தது. கீழே குழந்தைகளின் பெயர்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன, மேலே நெட்டையர்கள் சிலர். எங்களைப் போல் நிற்கிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் உண்டு. எப்போதும் “தள்ளி நில்லுங்கள்” என்று சொல்கிற ஆள், அங்கே “இப்படி வந்து நில்லுங்கள், குதிகால் சுவரில் படட்டும்” என்று சொல்லி ஒருவர் தலையைத் தொடுகிறார்.

உங்கள் வகுப்பறைக்கு வருகிறேன். முதலில் கேள்வி. “மறக்க முடியாத நினைவுகளை எழுதுங்கள்” என்று போட்டால் நூறு பேரும் பசுமையான நாட்கள் என்றுதான் எழுதுவார்கள். மதியச் சோற்றை எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் என்று கேளுங்கள். உங்களைக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி அக்கா, அதனால்தான் வளையல் வந்தது. அந்தக் கலைஞருக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இரண்டாவது, ஓர் ஆள் வேண்டும். மேஜையும் பேனாவும் வைத்துவிட்டுப் போனால் யாரும் கிட்டே வர மாட்டார்கள். யயோய் குசாமா என்ற கலைஞரின் வெள்ளை அறையை 2022-ல் இங்கே லண்டனில் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் என் மகளோடு பார்த்தேன். நாற்காலி, மேஜை, சுவர் எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே போகும்போது வண்ண வட்ட ஸ்டிக்கர் ஒரு தாள் கொடுப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். 2002-ல் பிரிஸ்பேனில் குழந்தைகளுக்காகத் தொடங்கியது அது. என் மகள் நுழைந்த உடனே நாற்காலிக் காலில் ஒட்டிவிட்டாள். பெரியவர்கள் தாளைப் பிடித்துக்கொண்டு காவலர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் தலையசைத்த பிறகுதான் கை நீண்டது. ஊரிலும் அப்படித்தான். “வாங்க, உட்காருங்க” என்று சொல்ல ஒருவர் இருந்தால் கூட்டம் தானாக வரும்.

தொடவும் ஏறவும் விடப்போகிறீர்கள் என்றால் அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 1971-ல் ராபர்ட் மாரிஸ் டேட் கேலரியில் ஏறவும் உருட்டவும் மரத்திலும் உலோகத்திலும் சாமான்கள் செய்து வைத்தார். ஜனங்கள் உற்சாகத்தில் ஏறி அடிபட்டு, சில நாளிலேயே மூட வேண்டியதாயிற்று. 2010-ல் ஐ வெய்வெய் டேட் மாடர்னில் 10 கோடிப் பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பி வைத்தபோதும் மேலே நடக்க விட்டார்கள். தூசி கிளம்பியதால் அதையும் சில நாளில் நிறுத்திவிட்டார்கள். பழைய பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருவர் தடவிப் பார்த்தால் போதும்.


பவானிக்கரை எழுதியது:

வெள்ளைச்சுவர், அந்தக் கிளிப் போட்ட சீட்டைப் படித்ததும் அந்தப் பையன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. குளச்சல்காரன் தம்பி, மணி இருக்கிறது! அலுவலக அறையில் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. வாட்ச்மேனிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். எங்கள் பள்ளியில் மூன்றாவது, நான்காவதோடு நின்றவர்கள் நிறைய. பேனாவைக் கொடுத்தால் கூச்சப்பட்டுப் போய்விடுவார்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது? அப்புறம், பொருள்கள் கொண்டுவரச் சொல்லலாமா?


வெள்ளைச்சுவர் எழுதியது:

எழுத வராதவர்கள் சொல்லட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும். ஒரே விதி, சொன்னபடியே எழுத வேண்டும். “நாங்க சோத்துக்குத்தான் பள்ளிக்கூடம் போனோம்” என்று ஒருவர் சொன்னால் அதை “மதிய உணவுத் திட்டத்தால் பயன்பெற்றோம்” என்று மாற்றக் கூடாது. எழுதி முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும்.

பொருளுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரத்தில் முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம். பிரிந்துபோன ஒரு ஜோடி 2006-ல் கண்காட்சியாகத் தொடங்கியது, 2010-லிருந்து சொந்த இடத்தில் நடக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் ஜனங்கள் அனுப்பிய சாதாரணப் பொருள்கள். பக்கத்தில் கொடுத்தவர் தன் வார்த்தையிலேயே எழுதிய குறிப்பு, உறவு நீடித்த காலம், ஊர். பெயர் கிடையாது. குறிப்பைப் படிக்கும்வரை அது வெறும் சாமான்தான். அந்தக் குறிப்பை நிபுணர் யாரும் திருத்தி எழுதுவதில்லை என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது.

நீங்கள் இரவல் வாங்கினால் ரசீது கொடுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் போதும். பொருள், கொடுத்தவர், திருப்பித் தருகிற தேதி.


செம்மண் எழுதியது:

அம்மா, நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். மேலே சொன்னவற்றோடு ஒன்று சேர்க்க வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம்.

1960-களில் பிரேசிலில் எலியோ ஒய்ட்டிசிக்கா என்று ஒரு கலைஞர். மாங்கேய்ரா என்ற குன்றுக் குடிசைப் பகுதிக்குப் போய் அங்கே இருந்த சாம்பா நடனப் பள்ளியில் ஆடக் கற்றுக்கொண்டார். அப்படித்தான் பராங்கோலே என்ற மேலாடைகளைச் செய்தார். துணி, சாக்கு, பிளாஸ்டிக் எல்லாம் அடுக்கடுக்காக. ஆணியில் மாட்டினால் அது வெறும் துணி. ஒருவர் போட்டுக்கொண்டு ஆடினால்தான் படைப்பு. 1965-ல் ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சித் திறப்பு விழாவுக்கு மாங்கேய்ரா ஆட்களையே அழைத்து வந்தார். தாளத்தோடு ஆடிக்கொண்டு வந்தவர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் வெளியே தோட்டத்திலேயே ஆடினார்கள்.

அவருடைய தோழி லிஜியா கிளார்க் கீல் வைத்த அலுமினியத் தகடுகளால் சிற்பங்கள் செய்தார், கையில் எடுத்து மடக்கி மடக்கி உருவம் மாற்றுவதற்காக. இன்று அவற்றில் பல கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. தொட்டுப் பார்க்கத் தனியாக நகல் செய்து வைக்கிறார்கள். விலை ஏறினால் கைக்கு எட்டாது போலிருக்கிறது. சிற்பம் படித்தவனாக எனக்கு இது வயிற்றெரிச்சல்.

நூற்றாண்டு விழா என்றதும் அழைப்பிதழ் யார் யாருக்குப் போகும் என்று பாருங்கள். டாக்டர், கலெக்டர், அமெரிக்காவில் இருப்பவர். படிப்பை நடுவில் விட்டவர்கள், பள்ளியைப் பெருக்கியவர், சமைத்தவர், கேட்டுக்கு வெளியே நெல்லிக்காயும் இலந்தவடையும் விற்ற பாட்டி? அவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி ஆகிவிடக் கூடாது. முதல் பொருளை அவர்களிடம் வாங்குங்கள்.


பனங்கூடல் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு கதைத்த பிறகு எங்கள் பக்கத்து வேலை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓவியர் தா. சனாதனன் போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (முற்றுப்பெறாத தோம்பு) என்ற பெயரில் அது 2011-ல் நூலாக வந்தது. தோம்பு என்றால் எங்கள் ஊரில் பழைய காணிப் பதிவேடு. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கையால் கீறிய படம் இருக்கும், அதை வைத்துக் கட்டடக் கலைஞர் ஒழுங்காக வரைந்த வரைபடம் இருக்கும், பிறகு சனாதனனின் ஓவியமும் இருக்கும். வீடு பற்றி அவர்கள் சொன்னதும் கூட வரும்.

அந்தக் கைப்படங்களில் அளவு ஒன்றும் சரியாக இராது. வரைந்தவர் மனதில் எது பெரிதோ அதுதான் தாளிலும் பெரிது. அதைத் திருத்தாமல் அப்படியே வைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். எங்கள் அம்மாவை ஒருநாள் எங்கள் பழைய வீட்டைக் கீறச் சொன்னேன். முதலில் கிணற்றைப் போட்டார், அடுத்து கிணற்றடிக் கமுகு. அறைகளுக்குத் தாளில் இடம் காணாமல் போய்விட்டது. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

உங்கள் பள்ளிக்கூடத்திலும் நிச்சயம் இடித்த கட்டடம் ஏதாவது இருக்கும். வெறும் தாளும் பென்சிலும் கொடுத்து, உங்கள் காலத்துப் பள்ளியைக் கீறித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுத வெட்கப்படுகிறவர்களும் கீறுவார்கள். கீறினபடியே வைத்திருங்கள்.


பவானிக்கரை எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். குழுவில் பேசி முடிவெடுக்க இவ்வளவு நாள் ஆனது. பிளெக்ஸ் உண்டு, அதை விட மாட்டார்கள், சரி. ஒரு வகுப்பறை எனக்கு.

வாசலில் மணி. உள்ளே ஒரு மேஜையில் வெள்ளைத் தாள்கள், பனங்கூடல் சொன்னபடி. ஓடு வேய்ந்த பழைய நீளக் கட்டடத்தை 1990-களில் இடித்தார்கள், அதன் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடம் ஒத்திகை மாதிரி கேட்டுப் பார்த்தேன். அவர் வரைந்ததில் கரும்பலகை மட்டும் ஆறு. மாணவராக இருந்து வரைந்தால் என்ன வருமோ, பார்க்க வேண்டும்.

எழுதுகிற தாள்களையும் வரைபடங்களையும் என்ன செய்வது என்பதில்தான் பெரிய விவாதம். கடைசியில் பைண்டிங் செய்து பள்ளி நூலகத்தில் வைப்பது என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன். மேஜை மேலேயே அதை எழுதி ஒட்டப்போகிறோம். யாருக்காவது அது பிடிக்கவில்லையென்றால் தன் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

செம்மண் தம்பி சொன்னதற்காக முதலில் சத்துணவு ஆயா வீட்டுக்குப் போனேன். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்த நாளிலிருந்து அவர்தான் சமைத்தார், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. விழாவுக்கு அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பரணிலிருந்து ஒரு பெரிய அலுமினியக் கரண்டியை எடுக்கச் சொன்னார். இடது ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து கத்தி மாதிரி மெலிந்திருந்தது. அண்டாவின் அடியில் வழித்து வழித்துத் தேய்ந்ததாம். “அடிச் சோத்த விட மாட்டேன், கடைசி வரிசப் புள்ளைங்களுக்கு அதுதான்” என்றார். இதைத்தான் கூட வந்த பத்தாம் வகுப்புப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள், படித்தும் காட்டினாள்.

கரண்டியை நான் கையில் வாங்கியதும், “எப்பத் திருப்பித் தருவே?” என்று கேட்டார். கார்பன் தாள் வைத்த ரசீது நோட்டுக் கொண்டுபோயிருந்தேன். எண் 1, அலுமினியக் கரண்டி, பிப்ரவரி 2 என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கி, நாலாக மடித்து, இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.